ஏழாம் குழாயின் தலைப்பக்கம்

நிலையத்தில் எல்லோரும் அவரைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், இயக்குநரிலிருந்து வாசல் காவலாளிவரை. சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருமுறை அவருடைய சொந்தத் தம்பியே போன் செய்து கேட்டபோது, வரவேற்பறைப் பெண் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வைத்துவிட்டாள்.

மண்ணையும் பாறையையும் ஆராயும் நிலையம் அது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. பூமியில் துளை போட்டு எடுத்த கல்லும் களிமண்ணும் சேறும், கைப்பிடித் தடிமனுள்ள உருளைகளாக, பெட்டிகளில் படுத்திருக்கும். ஒன்பதாயிரத்துச் சொச்சம் பெட்டிகள். எது எந்த வரிசையில், எந்தத் தட்டில் என்று கணினியில் பதிந்திருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கணினியைத் திறப்பதில்லை. "அக்கா, அந்தச் சாம்பல் களிமண்..." என்று இழுத்தால் போதும், "பதினாலாம் வரிசை, கீழ்த்தட்டு, முழங்கால இடிச்சுக்காதீங்க" என்று பதில் வரும்.

ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் இந்தக் கிடங்கில் போயிருக்கிறது. குட்டையான, அகலமான உடம்பு, வேகமான நடை. பெட்டி மேல் யாராவது தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டால் அவர் திட்டமாட்டார். கோப்பையை எடுத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டு, நிதானமாகக் குடித்துவிடுவார். வைத்தவர் அப்புறம் வைக்கமாட்டார்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். சேற்றுக்குத் தலையும் காலும் உண்டு. ஏரியின் அடியில் குழாயை அழுத்தி எடுக்கும்போது மேலே இருந்த பக்கம் தலை. அதற்குச் சிவப்பு மூடி. கீழே இருந்த பக்கம் கால். அதற்குக் கறுப்பு மூடி. மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. மூடி மாறினால் காலமே மாறிப்போகும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "மனுஷனத் தலைகீழா நிறுத்துனா கத்துவான். சேறு கத்தாது. அதனால நாமதான் பாத்துக்கணும்."

இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டிகூட மாறியதில்லை. இதை அவர் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

வீட்டில் மூன்று பேர். மகள் கல்யாணமாகிப் போன பிறகு இவரும், கணவரும், கணவரின் தங்கையும். கணவர் பொக்லைன் ஓட்டுகிறார். பெரிய வாளியால் மண்ணை வாரி லாரியில் கொட்டும் இயந்திரம். நாத்தனார் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருக்கிறாள். வாயும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடும். கணவருக்கு ஒரு பழைய கேலி உண்டு. "நான் நாள் முழுக்க மண்ண எடுத்து வெளிய கொட்டுறேன். இவ அதே மண்ண எடுத்துப் பெட்டியில பூட்டி வைக்கிறா. ரெண்டு பேருக்கும் சம்பளம். இந்த உலகம் எப்படி உருப்படும்?"

"உங்க மண்ணுக்குப் பேர் இருக்கா? எங்க மண்ணுக்கு நம்பரே இருக்கு" என்பார் பெட்டியக்கா.

கிடங்கின் மூன்றாம் வரிசையில் ஒரு கல் உருளை இருக்கிறது. சிவப்பும் கருஞ்சாம்பலுமாக, மெல்லிய கோடு கோடாக, பார்க்கிறவர் யாராக இருந்தாலும் தொட்டுப் பார்க்கத் தோன்றும். அதைப் பற்றி அவருக்குச் சொன்னது சேத்து மேடம். ஏரிச் சேற்றை ஆராய்கிற பெண், நாற்பது வயதிருக்கும், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"அக்கா, இது இருநூத்தம்பது கோடி வருஷத்துக் கல்லு. அப்போ காத்துல பிராணவாயுவே கிடையாது. கடல்ல இரும்பு கரைஞ்சு கிடந்துச்சு. கண்ணுக்கே தெரியாத ஒரு உயிர், வெயில வச்சுச் சமையல் பண்ணிச் சாப்பிடக் கத்துக்கிச்சு. சாப்பிட்டுட்டு வெளிய விட்ட மூச்சுதான் பிராணவாயு. அந்த மூச்சு பட்டுக் கடல் இரும்பெல்லாம் துருப்பிடிச்சு அடியில போய்ப் படிஞ்சுது. இந்தச் சிவப்பு அந்தத் துருதான்."

"ஒரு கிருமி விட்ட மூச்சா இம்புட்டும்?"

"இம்புட்டும். காத்தையே மாத்திப்போட்டுச்சு. அப்போ இருந்த மத்த உயிருக்கெல்லாம் அது விஷம். நிறைய செத்திருக்கும். அப்புறம் அதே காத்த மூச்சு விடுற மாதிரி புதுசு புதுசா உயிர் வந்துச்சு. நாமளும் அந்த வம்சந்தான். ஆனா அதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

பெட்டியக்கா அந்தக் கல்லை விரலால் தடவினார். தட்டையாக, குளிர்ச்சியாக இருந்தது. "அந்தக் கிருமிக்குத் தெரியுமா, தான் என்ன பண்ணுதுன்னு?"

"தெரியாது."

"நமக்கு?"

மேடம் நகக்கண்ணிலிருந்த கறுப்பைச் சுரண்டினாள். "தெரியுது. அதான்க்கா பிரச்சனையே" என்றாள். அன்றிலிருந்து மூன்றாம் வரிசையைக் கடக்கும்போது பெட்டியக்காவின் கை தானாகவே அந்தப் பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போகும்.

மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வெளியே இருந்த ஏரியைத் தூர்வாரப் போகிறார்கள் என்று முடிவானது. ஆழப்படுத்தித் தண்ணீர் தேக்கவேண்டும். வாரிய சேற்றைக் கொட்டிப் பக்கத்துப் பள்ளத்தை மேடாக்கி அடுக்குமாடி கட்டவேண்டும். சேத்து மேடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி எட்டு நாள் அவகாசம் வாங்கினாள். பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து, ஏரியின் நடுவில் நிறுத்தி, ஒரே ஒரு துளை. பதினொரு மீட்டர் சேறு. மீட்டருக்கு ஒரு குழாயாகப் பதினொரு குழாய். பக்கத்தில் இன்னொரு துளை போட்டு ஒத்துப்பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு நாள் இல்லை. மூடி போட யாரை நம்புவது என்ற கேள்வியே எழவில்லை. மிதவையில் ஏறி உட்கார்ந்தவர் பெட்டியக்கா.

ஒன்பதாம் நாள் பொக்லைன்கள் இறங்கின. அவற்றில் ஒன்றை ஓட்டியது அவருடைய கணவர்.

நாற்பது நாள் அந்த வேலை நடந்தது. தினமும் சாயங்காலம் சேறு அப்பிய கால்சட்டையோடு வந்து நிற்பார். பெட்டியக்கா அதை வாளியில் ஊறப்போட்டு, காலையில் அலசிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுவார். நாற்பது காலையும் வாளியின் அடியில் அதே காட்சி. முதலில் மணல், அதற்கு மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேலே பாலேடு மாதிரி ஒரு வழுவழுப்பு. ஒருநாள் அந்த ஏட்டை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வருஷத்து ஏடோ" என்றார்.

"சோத்தப் போடு. வருஷத்த அப்புறம் எண்ணலாம்" என்றார் கணவர்.

அந்த ஏரியில் ஒரு மில்லிமீட்டர் சேறு படிய ஏறத்தாழ ஒரு வருடம் என்று மேடம் கணக்கிட்டிருந்தாள். ஒரு குழாய்க்கு ஆயிரம் வருடம். பெட்டியக்கா தன் கையை நீட்டி அளந்து பார்த்தார். தன் ஐம்பத்திரண்டு வயதும் மூன்று விரல் அகலம். கல்யாணமாகி வந்தது ஒன்றரை விரலுக்குக் கொஞ்சம் கூட. இவ்வளவு சண்டையும் சமாதானமும் அவ்வளவு இடத்துக்குள் அடங்கிவிட்டதா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய்களை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பாதி ஆராய்ச்சிக்கு. அதை ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கிள்ளி எடுத்து, சேற்றில் புதைந்திருந்த பூக்களின் மகரந்தத்தை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவாள் மேடம். எந்தக் காலத்தில் என்ன மரம் நின்றது என்பது அதில் தெரியும். மற்றப் பாதி கிடங்குக்கு. ஈரம் போகாமல் சுற்றி, யாரும் தொடாமல், எப்போதாவது சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காக. அது பெட்டியக்காவின் பொறுப்பு.

மூன்று வருடம் எண்ணி மேடம் கண்டுபிடித்தது நிலையத்தையே புரட்டிப்போட்டது. முதல் குழாயின் தலையில் நாலு விரல் அகலத்துக்கு நம் காலம் இருந்தது. எண்ணெயும் கரியும் எரித்த புகைத்தூள், பிளாஸ்டிக் இழைகள், எங்கோ வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் தூசி. அதற்குக் கீழே அவை எதுவுமே இல்லை. கோடு கிழித்த மாதிரி திடீர் மாற்றம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஏழாம் குழாயில் வந்தது. ஏழாயிரம் வருடத்துக்கு முன், எட்டாம் குழாயின் தலையில் அடர்ந்த காடு. அதற்கு ஒட்டி மேலே, ஏழாம் குழாயின் காலில் வெறும் புல். பிறகு ஆயிரம் வருடத்தில் மெல்ல மெல்லக் காடு திரும்புகிறது. ஆறாம் குழாயின் காலில் மறுபடி சடாரென்று புல். மனிதர்கள் காடழித்ததற்கு ஒரு தடயமும் இல்லாத காலம். யாரும் வெட்டாமல் காடு இரண்டு முறை ஒரே வீச்சில் போயிருக்கிறது.

இயக்குநருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "மனுஷன்தான் இவ்வளவு வேகமா மாத்துறான்னு எல்லாரும் சொல்றாங்க. பூமி தானாவே இதே வேகத்துல மாறியிருக்குன்னு நம்ம ஏரி சொல்லுதே!" என்றார். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வெளியூர் விஞ்ஞானிகள் முன் மேடம் இதைச் சொல்லவேண்டும். மறுநாள் கட்டுரையை அனுப்பவேண்டும்.

மேடத்துக்கு ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. "ரெண்டு திடீர் மாற்றமும் சரியா குழாய் சேருற இடத்துலயே வருது. வேற யாராச்சும் மூடி போட்டிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்க்கா" என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். பெட்டியக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டிலும் சொன்னார்.

புதன்கிழமை பிற்பகல், கிடங்கின் பதினொரு பாதிகளையும் நீள மேசையில் வரிசையாகப் பரப்பும் வேலை அவருக்கு. தலைப்பக்கம் இடது, கால்பக்கம் வலது. வருகிறவர்கள் இன்றிலிருந்து பின்னோக்கி நடந்து போகலாம். சுற்றியிருந்த உறைகளைப் பிரித்துக்கொண்டே வந்தார். பிளந்த அன்று எல்லாம் ஒரே கறுப்பாக இருந்த சேறு, இந்த மூன்று வருடத்தில் லேசாகக் காய்ந்து, உள்ளே இருந்த வரிகளை வெளியே காட்டத் தொடங்கியிருந்தது. ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து விழுந்தது.

இரண்டாம் குழாயில் ஒரு வெளிறிய பட்டை. எப்போதோ வந்த வெள்ளம் கொண்டுவந்த மண். குனிந்து பார்த்தார். வலப்பக்கம் மணல் சொரசொரப்பு. இடப்பக்கம் போகப் போக வழுவழுப்பு. பார்த்த காட்சிதான். வீட்டு வாளியின் அடி. கனமானது முதலில் கீழே போகும், நைசானது கடைசியில் மேலே படியும். நாலாம் குழாயிலும் அப்படியே. ஐந்திலும், ஒன்பதிலும் அப்படியே. வாளிக்குத் தெரிந்தது ஏரிக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே ஏழுக்கு வந்தார்.

ஏழாம் குழாயில் இரண்டு வெள்ளப் பட்டைகள். இரண்டிலும் மணல் இடப்பக்கம் இருந்தது.

அவர் உறையைக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார். விரல் நுனியால் தொடாமல், ஒரு முடி உயரத்தில் வைத்து நகர்த்திப் பார்த்தார். மணல் மேலே, ஏடு கீழே. எந்த வாளியிலும் அப்படிப் படியாது.

மூடியைப் பார்த்தார். இடப்பக்கம் சிவப்பு. அதன் மேல் அவருடைய கையெழுத்து.

அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. ஆறு குழாய்க்கும் வந்தவுடன் மூடி போட்டாயிற்று. ஏழாவது வந்தபோது இரண்டு முனையையும் பாலித்தீனால் கட்டி, தலையைத் தாங்கள் புறப்பட்டு வந்த கரைப்பக்கம் வைத்துப் படுக்கவைத்தார். அந்த நேரம் போன் அடித்தது. நாத்தனார். "அண்ணி, மெஷின் டிராயர் சாவி எங்க வச்சீங்க?" மேலே, கீழே, அலமாரிக்குப் பின்னால் என்று ஐந்து நிமிடம் பேச்சு. பேசி முடித்துத் திரும்பி, அந்தக் கரைப்பக்கம் இருந்த முனைக்குச் சிவப்பு மூடி போட்டார். அந்தப் பேச்சுக்கு நடுவே காற்று அடித்துக்கொண்டிருந்ததும், ஒரு நங்கூரக் கயிறு தளர்ந்துவிட்டது என்று மேடம் கத்தியதும், மிதவை ஒரு அரைச் சுற்று சுற்றி நின்றதும் அவருக்கு இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கரை அங்கேயேதான் இருந்தது. அவர்தான் திரும்பியிருந்தார், குழாயும் கூடவே.

மேசையைச் சுற்றி யாரும் இல்லை. வெயில் இன்னும் பத்து நிமிடத்தில் ஜன்னலை விட்டுப் போய்விடும். நாளைக்குக் குழல் விளக்கு வெளிச்சத்தில் இந்த மணலும் ஏடும் யார் கண்ணுக்கும் தெரியாது. ஏரி இல்லை, இன்னொரு துளை போட முடியாது. கிடங்குப் பாதியை அவரைக் கேட்காமல் யாரும் தொடமாட்டார்கள். அவர் உறையை மறுபடி போர்த்திவிட்டு, கிடங்கைப் பூட்டி, பேருந்து ஏறினார். இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்.

வீட்டில் நாத்தனார் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி ஏரியில இருந்தப்போ சாவி கேட்டு போன் பண்ணியே, ஞாபகம் இருக்கா?"

"எந்தச் சாவி அண்ணி?"

"மெஷின் டிராயர் சாவி."

"ஓ, அதுவா! அது என் இடுப்புலயே இருந்துச்சு. போன வச்சப்புறந்தான் பாத்தேன். ஏன், இப்ப என்ன?"

பெட்டியக்கா அவளையே பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஆயிரம் வருஷம் தலைகீழாப் போச்சு, அவ்வளவுதான்."

"வந்ததும் வராததுமா என்னையே குத்தம் சொல்லுங்க" என்று நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தாள்.

கணவர் வந்து சேற்றுக் கால்சட்டையைக் கழற்றினார். இப்போது வேறு இடத்தில் ஒரு குட்டை வெட்டுகிறார்கள். பெட்டியக்கா அதை வாளியில் போட்டு நீர் ஊற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சொல்லலைன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"சொன்னா?"

"மேடத்தோட மூணு வருஷம் போச்சு. என் பேரும் போச்சு. அக்கா போட்ட மூடின்னா கண்ண மூடிட்டு நம்பலாம்னு சொல்லுவாங்க. இனிமே ஒவ்வொரு பெட்டியையும் சந்தேகப்படுவாங்க."

அவர் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, "அந்த ஏரியில ஒரு தடவ வாளிய இறக்கி வாருனா நான் எவ்வளவு ஆழம் எடுப்பேன் தெரியுமா?" என்றார். "மீட்டர், ஒண்ணேகால். உன் கணக்குப்படி ஆயிரம் வருஷத்துக்கு மேல. ஒரு தடவைக்கு அரை நிமிஷம்." விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நான் எடுத்ததத் திரும்ப வைக்க முடியாது. நீ வச்சது உன் கையிலயே இருக்கு. திருப்பி வை."

காலையில் வாளித் தண்ணீரை மெல்லச் சாய்த்துக் கொட்டினார். அடியில் மணல், மேலே ஏடு.

எட்டு மணிக்கு மேடம் வந்தபோது பெட்டியக்கா கிடங்கு வாசலில் நின்றிருந்தார். கையில் மேசை விளக்கு.

"என்னக்கா, கரண்ட் இல்லையா?"

"வாங்க மேடம். ஒண்ணு பாக்கணும்."

விளக்கைச் சேற்றின் மட்டத்துக்குத் தாழ்த்தி, பக்கவாட்டில் பிடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. இரண்டாம் குழாயைக் காட்டினார், நாலை, ஐந்தை, ஒன்பதைக் காட்டினார். கடைசியில் ஏழுக்கு வந்து, விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேடம் பூதக்கண்ணாடியோடு குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"நான்தான் போட்டேன்" என்றார் பெட்டியக்கா. "மிதவை சுத்திருச்சு. நான் கரையப் பாத்துப் போட்டேன். நேத்து சாயந்தரமே தெரியும். நேத்தே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

மேடம் நிமிர்ந்து அவரைப் பார்க்காமலே வெளியே போனாள். தன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். காரைக் கிளப்பவில்லை. ஜன்னல் வழியாக அவளுடைய பின்தலை மட்டும் தெரிந்தது. பெட்டியக்கா விளக்கை அணைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து மேடம் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. கைக் கடிகாரத்தைக் கழற்றி வைத்தாள்.

"திருப்புங்க" என்றாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் மாற்றிப் படுக்கவைப்பது போல ஏழாம் குழாயை அரைச்சுற்று திருப்பி வைத்தார்கள். ஆறாம் குழாயின் கால்முனையில், விளிம்போடு விளிம்பாக, ஒரு நத்தை ஓட்டின் பாதி இருந்தது. குழாயின் வாய் வெட்டிய பாதி. இவ்வளவு நாளும் அது சேற்றில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தது. இப்போது அதற்கு எதிரே வந்து நின்ற ஏழாம் குழாயின் தலையில் மறுபாதி இருந்தது. சுருள் அங்கே பாதியில் நின்று, இங்கே தொடர்ந்தது.

"அய்யோ" என்றாள் மேடம், மிக மெல்ல.

ஆறாயிரம் வருடமாக ஒரே ஓடாக இருந்து, மூன்று வருடம் மட்டும் பிரிந்திருந்த நத்தை. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

மேடம் தன் எண்ணிக்கைத் தாள்களை எடுத்துவந்து ஏழாம் குழாயின் எண்களைத் தலைகீழாக எழுதினாள். எழுதிக்கொண்டே போனவள் பேனாவை நிறுத்தினாள். திடீர் மாற்றம் எதுவும் இல்லை. எட்டில் காடு, ஏழில் நூறு வருடத்துக்குக் கொஞ்சம் என்று மரம் குறைகிறது, புல் கூடுகிறது, ஆறில் புல்வெளி. ஒரு மரத்தின் பிள்ளைகள், அவற்றின் பிள்ளைகள் என்று இருபது தலைமுறை, முப்பது தலைமுறை, எதுவும் தன் வாழ்நாளில் எதையும் கவனித்திருக்க முடியாத நிதானத்தில் ஒரு காடு விடைபெற்றுப் போயிருந்தது.

அவள் எழுந்து மேசையின் வலது கோடிக்குப் போய், பதினோராம் குழாயின் காலிலிருந்து நடக்கத் தொடங்கினாள். பெட்டியக்கா விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வெள்ளம் வருகிறது, போகிறது. வறட்சி வந்து சேறு வெளிறுகிறது, மறுபடி கறுக்கிறது. காடு போகிறது. மூன்றாம் குழாயில் முதல் வயல்கள், காட்டை எரித்த கரித்துணுக்குகள். அவையும் இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கி மெதுவாகத்தான் கூடுகின்றன. எங்கும் கோடு இல்லை, எல்லாமே நிழல் போல ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டு வந்தன. பதினோராயிரம் வருடத்தை நடந்து முடித்து முதல் குழாயின் தலைக்கு வந்தபோது, அங்கே, நாலு விரல் அகலத்துக்குக் கீழே, அந்தக் கோடு இருந்தது.

"இது ஒண்ணுதான்" என்றாள் மேடம். "மொத்த மேசையிலயும் இது ஒண்ணுதான்க்கா."

பெட்டியக்கா தன் கையை அந்தப் பட்டையின் பக்கத்தில் வைத்தார். மூன்று விரல் அவர். மீதி ஒரு விரல் அவருடைய அம்மா. தனக்குத் தெரிந்த எல்லோரும் அந்தக் கையகலத்துக்குள் இருந்தார்கள். இவ்வளவு சின்ன இடத்திலிருந்து இவ்வளவு பெரிய கோடு எப்படி வந்தது என்று அவருக்குத் தோன்றியது. பயமா, பெருமையா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று.

"மூணாம் வரிசைக் கல்ல எடுத்துட்டு வரட்டுமா மேடம்?"

மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்று காலையில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள். "எடுத்துட்டு வாங்க."

சிவப்புக் கோடு போட்ட கல் உருளையை மேசையின் தலைமாட்டில், நாலு விரல் பட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். உலகத்தின் காற்றையே மாற்றிய இரண்டு உயிர்கள் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன. ஒன்று கோடிக்கணக்கான வருடம் எடுத்துக்கொண்டது, ஒன்று ஒரு கையகலம்.

பதினோரு மணிக்கு மேடம் பேசினாள். தன் கண்டுபிடிப்பு எப்படி விழுந்தது என்பதைத்தான் முதலில் சொன்னாள். குழாய் திரும்பியிருந்ததைச் சொன்னாள், அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னாள். மூடியை மாற்றிப் போட்டது யார் என்று மட்டும் சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்த பெட்டியக்கா எழுந்து, "மூடி போட்டதும் நான்தாங்க" என்றார். இயக்குநரின் முகம் சுண்டிப்போயிருந்தது. வந்தவர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் மட்டும் பேச்சு முடிந்ததும் நேராக நத்தை ஓட்டிடம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்கிற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கூட்டிப்போக வந்த கணவர் கிடங்கு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு சேறு அப்பியிருந்த காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். மேசையின் நீளத்துக்கு நடந்தார். பதினொரு எட்டு எடுத்து வைத்தார். கோடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"நான் அள்ளினது இதுவா?"

"இதுதான்."

"நாப்பது நாள்ல?"

"ஆமா."

இன்னொரு கேலி வரும் என்று பெட்டியக்கா காத்திருந்தார். வரவில்லை. அவர் திரும்பி நடந்தபோது முன்னைவிட மெதுவாக நடந்தார்.

பெட்டியக்கா மார்க்கரை எடுத்தார். கிடங்கு வழக்கப்படி தப்பான குறியை அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். ஏழாம் குழாயின் பழைய அம்புக்குறியின் மேல் ஒரு கோடு இழுத்தார். எதிர்த்திசையில் புது அம்பு வரைந்தார். 'மிதவை திரும்பியதைக் கவனிக்காமல் நான் மாற்றி மூடினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சம்பளச் சீட்டில் இருக்கிற முழுப் பெயர்.

மேடம் கையில் ஒரு பை சிவப்பு மூடிகளோடு வந்து அதை மேசையில் வைத்தாள். "வடக்க ஒரு ஏரி இருக்காம். இன்னும் யாரும் கை வைக்கல. அடுத்த மாசம் போகணும்."

பெட்டியக்கா பையைத் தொடவில்லை. "மூடி யார் போடுறது?"

"வேற யாரு இருக்கா?" என்றாள் மேடம். அவள் குரலில் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. "ஆனா போன் கரையில இருக்கும். என்கிட்ட."

"என் நாத்தனார் கிட்ட யாரு பேசுறது?"

"நான் பேசுறேன். சாவி இடுப்புல இருக்குன்னு சொல்லிடுறேன்."

பெட்டியக்கா பையை எடுத்து அவிழ்த்தார். மூடிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.